நெய் வெறுக்கும் நாள்

கார்த்யாயனியம்மாவின் முகம் வட்டமாகிக்கொண்டே போனதை அந்த வீட்டில் எல்லோரும் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"லேகியம் உடம்புல பிடிச்சிருக்கு" என்றார் அவள் புருஷன் சாத்துக்குட்டி வைத்தியர்.

"கல்யாணத்தப்பகூட அம்மைக்கு இந்தக் கன்னம் இல்ல" என்றாள் எண்ணெய் தேய்க்க வரும் தாட்சாயணி. "அறுபது வயசுல ஆளு பூத்துட்டாங்க. இனி வைத்தியர் வேலி போட்டுக் காக்கணும்."

மருமகள் பிரஜிதா மட்டும் அந்த முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு கையிலிருக்கும் பாத்திரத்தைப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் கார்த்யாயனியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். முட்டி இரண்டும் பலாப்பழம் மாதிரி வீங்கியிருக்கும். வைத்தியர் வீட்டு அம்மையே நொண்டுகிறாளே என்று வந்தவர்கள் திரும்பிப் போனதுண்டு. பிறகு மகன் வினயன் ஆயுர்வேதக் கல்லூரி முடித்து வந்தான். முற்றத்தில் புதுப் பலகை வைத்தான். 'கிழக்கேப்பாட்டு முழுநல வாழ்வு மையம். பாரம்பரியமும் விஞ்ஞானமும் ஒன்றுசேரும் இடம்.' அப்பாவின் வாத லேகியத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்றான். பொடியை இன்னும் நயமாக அரைத்தால் உடம்பு சீக்கிரம் ஏற்கும் என்றான். வைத்தியர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கார்த்யாயனியம்மா குளத்துப் படியில் தானே இறங்கிக் குளித்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள்தான் அந்த வீட்டின் விளம்பரம். யார் வந்தாலும் வைத்தியர் உள்ளே பார்த்துக் கூப்பிடுவார். "கார்த்தீ, கொஞ்சம் மோர் கொண்டா." அவள் மோரோடு விறுவிறுவென்று நடந்து வருவாள். வந்தவர்கள் மோரைப் பார்க்க மாட்டார்கள், முட்டியைப் பார்ப்பார்கள்.

பிரஜிதா மருந்தியல் படித்தவள். மருந்து படித்த பெண் என்றுதான் கேட்டு வாங்கி வினயனுக்குக் கட்டிவைத்தார்கள். பொடி அறை அவள் பொறுப்பு. சுக்கு, திப்பிலி, ஏலம் எல்லாம் இடித்து, மெல்லிய துணியில் சலித்து வைப்பாள். லேகியம் இறக்கும் நாளில் வினயன் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவருவான். வெள்ளை மாத்திரைகள். அதையும் பொடித்துத் திப்பிலிப் பொடியோடு சேர்ப்பது அவள் வேலை. முதல்தடவை, "இது ஸ்டீராய்டுதானே?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான். லேகியம் வேலை செய்ய ஆரம்பிச்சதும் நிறுத்திடலாம்."

"அச்சனுக்குத் தெரியுமா?"

"அச்சனுக்கு எதுக்கு? நீ பொடி."

அவள் பொடித்தாள். அந்த மாத்திரை நாக்கில் பட்டால் அரை நாள் கசக்கும். வெல்லமும் நெய்யும் தேனும் சேர்ந்த லேகியத்தில் அது இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. வினயனும் நிறுத்தவில்லை.

கர்க்கடகம் பிறந்தது, மலையாளத்து ஆடி மாதம். ஓடு ஒழுகும் இடத்திலெல்லாம் உருளிகளை வைத்தார்கள். விறகு நனைந்து புகைந்தது. அந்த வீட்டு வழக்கப்படி, வெளியாளுக்குச் சிகிச்சை தொடங்கும் முன் வீட்டாளுக்குத் தொடங்க வேண்டும். இந்த வருஷம் கார்த்யாயனியம்மாவின் முறை. முதலில் தினமும் அளவு கூட்டி மருந்து நெய் குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய் தேய்த்து வியர்க்க வைப்பார்கள். கடைசியில் பேதி. நெய் தொடங்கும் நாளில் மற்ற எல்லா மருந்தையும் நிறுத்திவிட வேண்டும். உடம்பு வெற்றுப் பாத்திரமாக இருந்தால்தான் கழுவ முடியும் என்பது வைத்தியரின் கணக்கு.

"லேகியத்தயும் நிறுத்தணுமா அச்சா?" என்று கேட்டாள் பிரஜிதா.

வைத்தியர் திரும்பிப் பார்த்தார். இவள் குரலைக் கேட்பது அவருக்கே அபூர்வம். "லேகியம்தான் முதல்ல நிறுத்தணும். எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

"சும்மா கேக்கறதுக்கு வாய் இருக்கு. சாம்பாருக்கு உப்பு பாக்கறதுக்கு இல்ல" என்றாள் கார்த்யாயனியம்மா அடுக்களையிலிருந்து.

பிரஜிதா பொடி அறைக்குப் போனாள். வினயன் அங்கே போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வினயேட்டா, அம்மைக்கு அத ஒரேயடியா நிறுத்தக் கூடாது. இத்தன வருஷமா மாத்திரை உள்ள போயிருக்கு. உடம்பு அத நம்பி, சொந்தமாச் சுரக்கறத நிறுத்தியிருக்கும். திடீர்னு நிறுத்தினா விழுந்துடுவாங்க."

"ஒரு வாரம், பத்து நாள். ஒண்ணும் ஆகாது."

"பேதி வேற குடுப்பாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? அச்சன்கிட்டப் போய், உங்க லேகியத்துல ஒண்ணுமே இல்ல, எல்லாம் நான் போட்ட மாத்திரைதான்னு சொல்லவா? மனுஷன் அங்கயே சரிஞ்சுடுவாரு." போனைச் சட்டைப்பையில் போட்டான். "நீ சொல்லேன். பொடிச்சது நீதானே?"

வெளியே கமுகு மரங்கள் நனைந்து நின்றன. அவள் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவள் ஒரு மாத்திரையைப் பொடித்து மாமியாரின் நவரை அரிசிக் கஞ்சியில் கலந்தாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடவே விட்டாள். கார்த்யாயனியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே வாசலில் துப்பினாள்.

"இது கஞ்சியா, வேப்பங்கொட்டையா? தாட்சாயணீ, நீ குடிச்சுப் பாரு."

தாட்சாயணி விரலால் தொட்டு நக்கினாள். "அய்யோ, படிச்ச பொண்ணு வச்ச கஞ்சி! பரீட்சைக்கு வச்சிருப்பா."

"என்ன போட்ட மோளே?" வைத்தியர் கேட்டார்.

"வெந்தயம் கொஞ்சம் கருகிடுச்சு அச்சா."

"பத்தியக் கஞ்சில கருகல் ஆகாது. இனி இவளுக்கு நானே வச்சுக் குடுக்கறேன்."

கஞ்சி வாழைக்கடியில் போயிற்று. அதற்குப் பிறகு கார்த்யாயனியம்மாவின் வாய்க்குள் போனதெல்லாம் வைத்தியரின் கையால் போனது.

நெய் தொடங்கிய பிறகு நாளுக்கு நாள் அவள் பேச்சு குறைந்தது. அந்த வீட்டில் அது நடக்காத காரியம். மருமகளைத் திட்டும்போதுகூட பாதியில் விட்டுவிட்டாள். எழுந்து நின்றால் தலை சுற்றியது. மீன்காரன் மணி அடித்துக்கொண்டு போனபோது, வழக்கமாகப் பத்தியத்தைச் சபிப்பவள், கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு காலை வைத்தியர் நெய்க் கிண்ணத்தை நீட்டினார். அவள் தள்ளினாள்.

"வேண்டாம். பாத்தாலே குமட்டுது. எடுத்துட்டுப் போங்க."

வைத்தியரின் முகம் மலர்ந்தது. "என்ன சொன்ன? குமட்டுதா?"

"மணம் வந்தாலே வயித்தப் பெரட்டுது."

அவர் கிண்ணத்தோடு அடுக்களைக்கு ஓடிவந்தார். "வெறுத்துடுச்சு! கார்த்திக்கு நெய் வெறுத்துடுச்சு! சிலருக்கு ஏழு நாள் குடிச்சாலும் வராது. உள்ள கடைசி நரம்பு வரைக்கும் நெய் போய்ச் சேர்ந்தா வர்ற லட்சணம் இது. நெய்ய வெறுக்கணும், உடம்பு தளரணும். ரெண்டும் வந்துடுச்சு. வினயா, கேட்டியா? உங்க கல்லூரில இத ஏட்டுலதான் பாத்திருப்ப. வந்து உங்க அம்மைகிட்டப் பாரு."

வினயன் வந்து வாசற்படியில் நின்று அம்மாவைப் பார்த்தான். "ஆமா அச்சா. நல்ல லட்சணம்" என்றான்.

பிரஜிதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். யாரும் திரும்பவில்லை.

அவள் முன்னறைக்குப் போய், நோயாளிகளுக்கு வைத்திருக்கும் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவந்தாள். வைத்தியர் சிரித்தார்.

"நாடி பாக்கற வீட்டுல பட்டை கட்டப் போறியா? சரி, கட்டு. உங்க விஞ்ஞானமும் பாத்துட்டுப் போகட்டும்."

கட்டினாள். ஊசிமுள் எங்கே துள்ள ஆரம்பிக்கிறது என்று காத்திருந்தாள். அது மிகக் கீழே இறங்கிய பிறகுதான் துள்ளியது. பட்டையை அவிழ்த்த இடத்தில் தோல் நீலமாகியிருந்தது. வினயனிடம் எண்ணை மெல்லச் சொன்னாள்.

"நெய் குடிச்சா குறையும்" என்றான் அவன், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.

"அப்படிச் சொல்லு" என்றார் வைத்தியர்.

எண்ணெய் தேய்த்த நாட்களில் தாட்சாயணி கை வைத்த இடமெல்லாம் நாவல்பழம் நசுங்கின மாதிரி ஆயிற்று. அவளே பயந்துபோனாள். "நான் அழுத்தவே இல்ல வைத்தியரே. தடவினதுக்கே இப்படிக் கன்னிப்போகுது."

"கெட்ட ரத்தம் மேல வருது. வரட்டும்."

"என் கைக்குப் பேர் கெட்டுடும்."

"பேதி ஆனதும் தோல் கண்ணாடி மாதிரி ஆயிடும், பாரு."

கார்த்யாயனியம்மா எண்ணெய்ப் பலகையில் படுத்தபடி மருமகளைத் தேடினாள். "நீ ஏன் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கற? போய் வேலையப் பாரு."

அன்றைக்கு அவளிடமிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

பேதி மருந்தை விடிந்ததும் தேனில் குழைத்துக் கொடுத்தார் வைத்தியர். மழை விடாமல் பெய்தது. கார்த்யாயனியம்மா கொல்லைப்புறத்துக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். பிறகு தாட்சாயணியின் தோளைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரைப் பிடித்து நடந்தாள், முன்பெல்லாம் நடந்த மாதிரி. வைத்தியர் வெந்நீர்ச் செம்போடு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பத்து மணிக்கு மேல் அவள் திரும்பி வரவில்லை. தாட்சாயணிதான் கத்தினாள். கார்த்யாயனியம்மா குளியலறைச் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தாள். கையும் காலும் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தன. கண் திறந்திருந்தது. வைத்தியரைப் பார்த்து, "மாமா, பசுவ அவுத்து விடுங்க, வெள்ளம் வருது" என்றாள். அந்த வீட்டில் பசு இருந்து பல வருஷம் ஆகிறது.

"வேகம் அதிகமாப் போச்சு" என்றார் வைத்தியர். "அரிசிக்கஞ்சித் தண்ணி குடுங்க. நின்னுடும்."

"அச்சா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் பிரஜிதா.

"பேதிக்கா? ஊர் சிரிக்கும்."

"இது பேதி இல்ல."

"பின்ன என்ன?"

அவள் வினயனைப் பார்த்தாள். அவன் அம்மாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான், தலை நிமிராமல். "போகலாம் அச்சா" என்று மட்டும் சொன்னான். அவன் குரல் உடைந்திருந்ததைக் கேட்டுத்தான் வைத்தியர் எழுந்தார்.

டவுன் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர். தலைமுடியைப் பேனாவால் குத்திச் சொருகியிருந்தாள். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். சலைன் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்கியும் அழுத்தம் ஏறவில்லை.

"என்ன மருந்தெல்லாம் சாப்பிடறாங்க?" என்றாள் டாக்டர்.

வைத்தியர் நிமிர்ந்து நின்றார். "என் மருந்து மட்டும்தான். நான் கிழக்கேப்பாட்டு சாத்துக்குட்டி. இவ உடம்புக்குள்ள இன்னிக்கு வரைக்கும் ஒரு இங்கிலீஷ் மாத்திரை போனதில்ல."

"ஸ்டீராய்டு ஏதாவது? முட்டிவலிக்கு யாராச்சும் குடுத்தாங்களா?"

"மோளே, நான் சொன்னது காதுல விழலயா? இவ முட்டிய லேகியத்தால குணப்படுத்தினவன் நான். ஊரே வந்து பாத்துட்டுப் போகுது."

டாக்டர் வினயனைப் பார்த்தாள். "நீங்க மகனா? உங்களுக்குத் தெரிஞ்சு?"

வினயன் சலைன் பாட்டிலைப் பார்த்தான். சொட்டு விழுந்தது. பிரஜிதா காத்திருந்தாள். அவன் சொல்வான் என்று நினைத்தாள். அவனுடைய அம்மா. இன்னொரு சொட்டு விழுந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றான்.

"ப்ரெட்னிசோலோன்" என்றாள் பிரஜிதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ப்ரெட்னிசோலோன். வருஷக்கணக்கா. தினமும், லேகியத்துல. நெய் ஆரம்பிச்சதுலேர்ந்து நிறுத்தியாச்சு."

"இவளுக்குப் பயத்துல புத்தி பிசகிடுச்சு டாக்டர்" என்றான் வினயன்.

"நான்தான் பொடிச்சேன்" என்றாள் பிரஜிதா.

டாக்டர் இருவரையும் பார்க்கவில்லை. கார்த்யாயனியம்மாவின் முழங்கையைத் தூக்கி அந்த நீலங்களைப் பார்த்தாள். வட்ட முகத்தைப் பார்த்தாள். பிடரியில் திரண்டிருந்த சதையைத் தொட்டாள். பிறகு நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொல்லி, "உடனே" என்றாள்.

ஊசி ஏறியது. வைத்தியர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். மழை விடுவதற்குள் அழுத்தம் ஏறியது. கையில் சூடு வந்தது. சாயங்காலத் தேநீர்க்காரன் வராந்தாவில் கூவிக்கொண்டு போனபோது கார்த்யாயனியம்மா கண் திறந்து, "கட்டன்சாயா வேணும். சர்க்கரை போட்டு" என்றாள்.

நர்ஸ் சிரித்தாள். வைத்தியர் சிரிக்கவில்லை. தன் வாழ்நாளில் எந்த மருந்தும் ஒரு மத்தியானத்துக்குள் அப்படி வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

வினயன் பில் கட்டப் போயிருந்தான். வைத்தியர் மருமகளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"அம்ம நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"அவ நடந்தது எதனால?"

அவள் கட்டிலில் மடங்கியிருந்த அந்த முட்டிகளைப் பார்த்தாள்.

"வேறவங்களுக்கு? குளத்துப்படி ஏறினாரே அந்த ரிடையர்டு மாஸ்டர்? அந்தப் பட்டுக்கடைக்காரி?"

"எல்லாருக்கும் அதே உருளிதான் அச்சா."

"அதுக்கு முன்னால? என் லேகியம் மட்டும் இருந்தப்ப? ஒருத்தராச்சும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நேரம் இருந்தது. "நான் அப்ப இந்த வீட்டுக்கு வரல" என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். "கொஞ்சம் சூடு குடுக்கும். வலி விடாது" என்றாள்.

வைத்தியர் தலையாட்டினார், பேதிக்குத் தலையாட்டியதைப் போல.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னாள். அந்த மாத்திரையை இனி திடீரென்று நிறுத்தவே கூடாது. தினமும் கொடுக்க வேண்டும். மாசக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். "அந்த லேகியத்த வேற யாராவது சாப்பிட்டா, அவங்களையும் இங்க அனுப்புங்க" என்றாள். வைத்தியர் கைகூப்பினார்.

கார்த்யாயனியம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னது தாட்சாயணி. கேட்டு முடித்ததும் அவள் மருமகளைக் கட்டிலருகே கூப்பிட்டாள்.

"நீதான் சொன்னியாமே."

"ஆமா அம்மே."

"ஆஸ்பத்திரில, எல்லார் முன்னாலயும்."

"இல்லன்னா நீங்க..."

"செத்திருப்பேன். நடக்கற முட்டியோட செத்திருப்பேன். ஊரே வந்திருக்கும், வைத்தியர் பொண்டாட்டின்னு. என் மகன் எனக்கு வலிக்கக் கூடாதுன்னு பண்ணினான். அவனத் திருடனாக்கிட்ட. இவர நடுத்தெருவுல நிறுத்திட்ட. இத்தன வருஷமா வாயே திறக்காதவ, திறந்தது இதுக்கு." மூச்சு வாங்கினாள். "மாத்திரை குறைச்சா வலி திரும்ப வருமாமே?"

"கொஞ்சம் வரும்."

"வந்தா உன்னக் கூப்பிடறேன். பக்கத்துல உக்காந்து பாரு."

வினயன் அந்த வாரம் முழுக்க அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவள் வைத்தால் நகர்த்திவைத்துவிட்டு, தாட்சாயணியிடம் கேட்டான். பிறகு முழுநல மையத்தின் பலகையைத் துடைத்து வைத்தான், ஆவணி, சிங்க மாதம் பிறந்ததும் ஆட்கள் வருவார்கள் என்று.

சிக்கல் மாத்திரையில் வந்தது. கார்த்யாயனியம்மா மாத்திரை விழுங்கிப் பழகாதவள். நாக்கில் வைத்ததும் கசந்தது, துப்பினாள். தண்ணீரோடு கொடுத்தால் தண்ணீர் மட்டும் உள்ளே போயிற்று. பாலில் கலந்தால் பாலைத் துப்பினாள்.

"லேகியத்துல இருந்தப்ப இனிச்சுதே" என்றாள். "அதுலயே குடுங்க."

பிரஜிதா அடுக்களைக் கதவருகே நின்றாள். வைத்தியர் எழுந்துபோய் லேகியப் பரணியை எடுத்துவந்தார். வினயன் திருத்தம் சொல்வதற்கு முன்னால் கிண்டி, மாத்திரை சேராமல் மிச்சமிருந்த பழைய லேகியம். உள்ளங்கையளவு கல்வத்தைத் துடைத்தார். இரும்பு பஸ்பமும் முத்துப் பஸ்பமும் அரைத்த கல்வம். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிப் போட்டார். அரைத்தார். நயமாக வரும்வரை அரைத்தார், எந்த மருந்தையும் அரைகுறையாக விட்டுப் பழகாதவர். தேன் விட்டுக் குழைத்து, நெல்லிக்காயளவு லேகியத்தில் சேர்த்து, மனைவியின் வாயில் வைத்தார்.

அவள் சப்புக்கொட்டினாள். "இப்ப சரியா இருக்கு."

முற்றத்தில் குரல் கேட்டது. மழை வெறித்து வெயில் வந்திருந்தது. ரிடையர்டு மாஸ்டர் காலிப் பரணியோடு நின்றார். அவர் பின்னால் பட்டுக்கடைக்காரியும் இன்னும் நாலைந்து பேரும். கர்க்கடகத்தில் மற்றவர்கள் தங்கள் சிகிச்சையைத் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பேச்சு கேட்டுத் தள்ளிப்போட்டிருந்தார்கள், அதனால் லேகியத்தை நிறுத்தவில்லை.

"வைத்தியரே, அம்மைக்கு என்னமோ முடியலன்னு கேள்விப்பட்டோம்."

கார்த்யாயனியம்மா கட்டிலிலிருந்து இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். யாரையும் பிடிக்காமல் முன்வாசல் வரைக்கும் நடந்து போய், வட்ட முகத்தோடு நின்றாள். "எனக்கென்ன? பேதி கொஞ்சம் கூடிப்போச்சு. மோர் குடிக்கறீங்களா?"

"பாத்தியா, முட்டி மடங்கறத!" என்றார் மாஸ்டர் பின்னால் திரும்பி. "நான் சொல்லல? வைத்தியரே, எனக்கு மூணு நாளுக்குத்தான் லேகியம் மிச்சம். தீந்துட்டா எழுந்திருக்க முடியாது."

வைத்தியர் அவர்களை உட்காரச் சொன்னார். பிறகு பொடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பிரஜிதா பின்னாலேயே வந்திருந்தாள்.

"நிறுத்தினா இவங்களும் அவள மாதிரி விழுவாங்களா?"

"விழலாம். ரொம்ப நாளாச் சாப்பிடறவங்க விழுவாங்க. டாக்டர் சொன்ன மாதிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் அச்சா. உண்மையச் சொல்லி அனுப்பணும்."

"சொல்லி அனுப்பினா, அப்புறம் இந்த வாசல்ல யார் நிப்பா?"

அவள் சலிக்கும் துணியை எடுத்து மடித்தாள்.

"நிறுத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன? டாக்டரும் அதத்தானே சொன்னா?" அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு மருந்து யோகத்தின் சேர்மானம் கேட்கிற குரல். "பெரிய உருளிக்கு எத்தன மாத்திரை போடுவ?"

அவள் வழக்கமாகப் போடுவதில் பாதியைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா?"

"குறைச்சுக்கிட்டே வரணும் அச்சா. அப்பத்தான் ஒரு நாள் நிறுத்த முடியும்."

"குறைச்சா வலி வருமா?"

"வரும்."

வெளியே கார்த்யாயனியம்மா எதற்கோ சிரிப்பதும், மாஸ்டர் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. வைத்தியர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இடிகல்லை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப பழைய அளவச் சொல்லு."

அவள் சொன்னாள்.